பச்சைப் புத்தகத்தில் என் கடை

மார்ச் 6, 1983

காலையிலிருந்து மழை. வடை மாவு புளித்துவிட்டது. இன்று கடைக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஒரு லாரி டிரைவர், அவனுடைய உதவியாள், மழைக்கு ஒதுங்கிய ஓர் ஆடு. ஆட்டையும் ஆளாக எண்ணும் நிலைக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு மேனேஜராக வந்த புதுத் துரை கேட்டருகே காரை நிறுத்திச் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. “ருக்குமணி, ஜனவரி வரைக்கும் பாக்கிறேன். வெளியூர் ஆளுங்க வந்தா இந்தக் கொட்டாய் இருக்கட்டும். இல்லன்னா பிரிச்சிடணும். டவுன்ல ஒருத்தன் இந்த இடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

என் வீட்டுக்காரருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஐம்பத்தைந்தில் ஃபேக்டரி வேலை முடியும். வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும். பிள்ளை குட்டி என்று தாங்க ஆளில்லை. இந்தத் தகரக் கொட்டகையை நம்பித்தான் இருக்கிறோம். அவரோ ராத்திரிச் சோற்றைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்.

மார்ச் 9

ஆடு மறுபடியும் வந்தது.

மார்ச் 15

எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் ஐயா பச்சைப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் ஃபூ என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறை அச்சடிக்கும் சின்ன இங்கிலீஷ் புத்தகம் அது. மலைக்கு வருகிற வெளியூர்க்காரர் கையில் கேமரா இல்லாமல் இருந்தாலும் இருக்கும், இது இல்லாமல் இருக்காது. எங்கே தங்கலாம், எங்கே குடிக்கலாம், எந்தக் காட்டுப்பாதை எங்கே போய் முடியும், எல்லாம் அதில் உண்டு. தேநீர்ப் பக்கத்தில் பதினான்கு கடைகள். என் கடை பதினான்காவது.

“எப்படிங்க ஐயா வரிசை போடறாரு? கமிஷன் வாங்கறாரா?”

“ஒரு காசு வாங்கறதில்லை. முன்னுரையில எழுதியிருக்காரே” என்று ஐயா தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார். ஃபூ வாத்தியார் யாருக்கும் தெரியாமல் வந்து போவாராம். போகிற இடத்திலெல்லாம் ‘இங்கிருந்து தேநீருக்கு எங்கே போகலாம், பூ பார்க்க எங்கே போகலாம்’ என்று அங்கே இருப்பவர்களைக் கேட்பாராம். யார் பெயரை அதிகம் பேர் சொல்கிறார்களோ அவர்கள் முதலில் வருவார்கள். இவ்வளவுதான் கணக்கு.

ஆளுங்க வாய்! இத்தனை நாளும் நான் தேயிலையை மாற்றிப் பார்த்தேன், பாலை மாற்றிப் பார்த்தேன், பெஞ்சுக்குச் சாயம் அடித்தேன். மாற்ற வேண்டியது ஊர் வாயை அல்லவா?

முன்னுரையில் இன்னும் ஒரு பத்தி இருந்தது. ஐயா அதைத் தொடங்கும்போதே நான் எழுந்துவிட்டேன்.

மார்ச் 27

நாகப்பனைப் பார்க்கப் போனேன். மலைக்கு அந்தப் பக்கம் செவ்வந்தியும் கார்னேஷனும் போட்டிருக்கிறான். வாய் நீளம், ஆனால் கெட்டவன் இல்லை. புத்தகத்தில் அவன் தோட்டம் பூப் பக்கத்தில் கடைசிக்கு முன்னால். விஷயத்தைச் சொன்னதும் துள்ளிக் குதித்தான்.

“அக்கா, நீங்க என்னைச் சொல்லுங்க, நான் உங்களைச் சொல்றேன். இதுல என்னா கஷ்டம் லா! ஆளுக்கொரு போர்டு அடிச்சிடலாம்.”

அப்படியே முடிவானது. என் கடை வாசலில் அவன் தோட்டத்துக்கு அம்பு போட்ட பலகை. அவன் கேட்டில் என் கடைக்கு அம்பு.

பிறகு பஸ் பிடித்து டவுனுக்கு, தானா ராத்தாவுக்குப் போனேன். என் சிநேகிதி காளியம்மா அங்கே மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறாள். புருஷன் போன பிறகு தொடங்கியது. இரண்டு வருஷமாகத் திணறுகிறாள். தங்க வருகிறவர்களிடம் எங்கள் இரண்டு பேரையும் அவள் சொல்ல வேண்டும், நாங்கள் அவளைச் சொல்வோம்.

“பொய் சொல்லணுமா ருக்கு?”

“பொய் என்ன? நீ என் கடையில குடிச்சதில்லையா?”

“குடிச்சிருக்கேன்.”

“நல்லா இல்லையா?”

“அன்னிக்குச் சீனி கூட” என்றாள். பிறகு சரி என்றாள்.

ஏப்ரல் 3

இன்று பெரட்டில் பாடம் நடத்தினேன்!

பெரட்டு என்றால் விடிகாலையில் எல்லாரும் வரிசையாக நிற்க, கங்காணி பேர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். கங்காணி சிவசாமியிடம் நேற்றே கேட்டு வைத்தேன். பெரிய கெண்டியில் தேநீர் கொண்டுபோய் அறுபது பேருக்கும் சும்மா ஊற்றினேன். குளிரில் யார் வேண்டாம் என்பார்கள்? குடித்து முடித்ததும் சொன்னேன். வெளியூர் ஆள் யார் வந்து கேட்டாலும், எந்தப் பாஷையில் கேட்டாலும், சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

“பெஸ்ட் டீ ருக்மணி ஷாப் சார். ஆஸ்க் எனிபடி சார்.”

கிராணி ஐயாவிடம் கேட்டு எழுதி வாங்கிய இங்கிலீஷ். பத்துத் தடவை சொல்ல வைத்தேன். கொழுந்தெடுக்கிற மணியம்மாவுக்கு நாக்கு புரளவில்லை. பதினோராவது தடவை அவளும் சொன்னாள். கங்காணிக்கே குஷி வந்துவிட்டது. “ஆங், இன்னொரு வாட்டி, சத்தமா!” என்றார். காடே அதிர்ந்தது.

ஏப்ரல் 10

பலகை வேலை முடிந்தது. டவுனிலிருந்து வரும் காட்டுப்பாதை பெரிய மரத்தடியில் மூன்றாகப் பிரிகிறது. ஒன்று தேயிலைக்கு நடுவே என் கடைக்கு. ஒன்று நாகப்பன் தோட்டத்துக்கு. மூன்றாவது வேறு பக்கமாகச் சுற்றித் திரும்பவும் தானா ராத்தாவுக்கு, இருபது நிமிஷ நடை. அந்த மரத்தில்தான் என் பெரிய பலகையை அடித்தேன். வேறு நல்ல மரம் கிடைக்கவில்லை.

இல்லை. பொய்க்கு இந்த நோட்டில் என்ன வேலை. நல்ல மரம் எத்தனையோ இருந்தது. அந்த மரத்தில் ‘தானா ராத்தா’ என்று யாரோ எப்போதோ அடித்த பழைய பலகை ஒன்று இருந்தது. அதைப் பார்க்கிறவர்கள் நேரே டவுனுக்கு நடந்துவிடுவார்கள். தெரியாவிட்டால் வழி கேட்கக் கடைக்கு வருவார்கள், வந்தால் உட்காருவார்கள். பழைய பலகைக்கு மேலே என் பலகையை வைத்து நான்கு ஆணி அடித்தேன். என்னுடையதுதான் அகலம். ஓரம்கூடத் தெரியவில்லை.

யாருக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24

நாற்பது பேர்! உள்ளே கிழங்குக் கறி வைத்துப் பொரிக்கும் கறிபாப் பத்து மணிக்கே தீர்ந்தது.

ஜூன் 12

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை. பெஞ்ச் போதாமல் ஃபேக்டரியிலிருந்து இரண்டு பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டோம். துரை ஒருநாள் காரை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து கோப்பை கழுவுகிறார்.

சந்தோஷமாக இருக்க வேண்டியவள்தானே நான்? இருக்கவில்லை.

மதியம் ஒரு சீனக் கிழவியும் அவள் புருஷனும் வந்தார்கள். குடித்தார்கள். பூத்தோட்டப் பலகையைப் பார்த்துப் போனார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே இருவர். நாகப்பன் கேட்டில் இருக்கிற அம்பு என் கடைக்குத்தானே திருப்பிவிடும். கிழவியின் செருப்பு அறுந்திருந்தது. “பெக்கான் எங்கே, பெக்கான் எங்கே” என்று மலாயில் டவுனைக் கேட்டாள். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. நான் வழி சொன்னேன், சொல்லாமல் இல்லை. ஆனால் முதலில் இரண்டு கோப்பை ஊற்றிவிட்டுத்தான் சொன்னேன்.

அந்தக் கோப்பைகளை நானே கழுவினேன். இவரைத் தொட விடவில்லை. ஏன் என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

ஆகஸ்ட் 14

இன்று ஒரு தாத்தா மூன்று தடவை வந்தார். காக்கித் தொப்பி, முழங்கால்வரை காலுறை, ஒல்லியான சீனர். பத்து மணிக்கு முதல் கோப்பை. பன்னிரண்டரைக்கு மறுபடி. மூன்றுக்கு மறுபடி, இந்தத் தடவை மழையில் நனைந்து. தொப்பிக்காரருக்கு நம் தேநீர் அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கோப்பையை வைக்கும்போது நானே சொன்னேன். “பெஸ்ட் டீ ருக்மணி ஷாப் சார். ஆஸ்க் எனிபடி சார்.”

“கேட்டேன்” என்றார் மலாயில். “எல்லாரையும் கேட்டேன்.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வழியும் கேட்கவில்லை. எழுந்து காட்டுப் பக்கம் போய்விட்டார்.

ஆகஸ்ட் 15

காளியம்மா ஆபீசுக்குப் போன் போட்டாள். கிராணி ஐயா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

“ருக்கு, நேத்து என் ரூம்ல தங்கின தொப்பிக்காரரு யாருன்னு தெரியுமாடி? பேரேட்டுல கையெழுத்தைப் பாத்தேன். ஃபூ. ஈப்போ.”

“ஃபூ வாத்தியாரா?” என்றேன்.

“இருட்டுற நேரத்துக்கு வந்தாரு. உடம்பெல்லாம் சேறு. முழங்கை சிராய்ஞ்சிருக்கு. என்னா சார் ஆச்சுன்னேன். வழி தெரியலைன்னாரு. இருபது வருஷமா இந்தக் காட்டுல நடக்கிறவரு, வழி தெரியலைங்கிறாரு!”

அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22

ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 29

ஒன்றும் வரவில்லை. ஈப்போவிலிருந்து கடிதம் வராததே நல்லது என்கிறார் இவர். இவருக்கு எல்லாமே நல்லதுதான். கறிபாப்பில் உப்பில்லை என்று ஒருவர் சொன்னதற்கு நான் சண்டைக்குப் போனேன். கடையில் கூட்டம் குறையவில்லை. கை வேலை செய்கிறது, மனசு தபால்காரனையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 20

கடிதம் வந்துவிட்டது. கிராணி ஐயா இரண்டு முறை தமிழில் சொன்னார். ஞாபகத்தில் இருப்பதை எழுதுகிறேன்.

உங்கள் எஸ்டேட்டில் பதினொரு பேரைக் கேட்டேன். பதினொரு பேரும் ஒரே வாசகத்தைச் சொன்னார்கள், ஒன்பது பேர் கைகட்டி நேராக நின்று. நான்கு பேர் உங்கள் கடைப் பக்கமே வந்ததில்லையாம். உங்கள் பலகை பூத்தோட்டத்துக்கு அனுப்புகிறது, பூத்தோட்டத்துப் பலகை உங்களிடம் அனுப்புகிறது, விடுதியில் தங்கினால் உங்கள் இருவர் பேர் மட்டும்தான் காதில் விழுகிறது. வெளியே போக ஒரு பலகையும் இல்லை. சொல்லிக் கொடுத்துச் சொல்ல வைத்தால் பேரை எடுத்துவிடுவேன் என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறேன். டிசம்பர் புத்தகத்தில் நீங்கள் மூவரும் இருக்க மாட்டீர்கள்.

நான் எழுந்து போன அந்தப் பத்தி!

கைகட்டி நின்றார்களாம். பெரட்டில் படித்த பாடத்தைப் பெரட்டில் நிற்கிற மாதிரிதானே சொல்வார்கள்? அவர்களைச் சொல்லி என்ன. நான்தான் அறுபது வாயில் ஒரே வார்த்தையைத் திணித்தேன். மூவரும் என்று எழுதியிருக்கிறார். காளியம்மாவுமா?

செப்டம்பர் 21

நாகப்பன் வந்து கடை முன்னால் நின்று கத்தினான். இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கடைசிக்கு முன்னாடியாச்சும் இருந்தேன் அக்கா! இப்ப அதுவும் போச்சு! யாரு கேட்டா உங்க யோசனைய?”

“துள்ளிக் குதிச்சது யாரு? நானா?”

பதிலுக்குப் பதில் பேசினேன். பேசியது தப்பு. காளியம்மா கத்தியிருந்தால்கூடத் தேவலை, அவள் போன்கூடப் போடவில்லை.

அக்டோபர் 2

கிராணி ஐயாவை வைத்து இங்கிலீஷில் பதில் எழுதினேன். எனக்கு ஒன்றும் தெரியாது, ஆட்கள் அன்பால் சொல்கிறார்கள், டவுன் கடைக்காரர்களுக்குப் பொறாமை என்றெல்லாம். ஐயா எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

“இப்படியே எழுதிடவா?”

“எழுதுங்க ஐயா.”

எழுதினார். நல்ல மனுஷர், உறையையும் அவரே ஒட்டினார்.

அக்டோபர் 23

பதில் ஒரே வரி. ‘பெரிய மரத்தில் உங்கள் பலகைக்குப் பின்னால் இருப்பதை நான் பார்த்தேன்.’

“பின்னால என்னா இருக்கு ருக்குமணி?” என்றார் ஐயா.

தெரியலைங்க என்றேன். சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். பாத்துட்டாரே. அந்த மழையில, அந்த வயசுல, பலகைய நெம்பிப் பாத்திருக்காரு. அப்படித்தான் முழங்கை சிராய்ஞ்சிருக்கும். ஆறு மாசமா எத்தனை பேரு அந்த மரத்தடியில நின்னு சுத்தும் முத்தும் பாத்திருப்பாங்க? நான் இங்க உக்காந்து கோப்பைய எண்ணிக்கிட்டிருந்தேன். ச்சீ.

நவம்பர் 4

தீபாவளி. முறுக்கு சுட்டேன். காளியம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் திரும்பி வந்தது, அவள் வீட்டு அதிரசத்தோடு. ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. அதிரசத்தை என்னால் தின்ன முடியவில்லை.

நவம்பர் 6

கழற்றிவிட்டோம். நான் தனியாகப் போவதாக இருந்தேன். ஆணி பிடுங்க உனக்குத் தெம்பு போதாது என்று இவரும் சுத்தியலோடு வந்தார். நான்கு ஆணியும் துருப்பிடித்துப் போயிருந்தன. பலகை விழுந்ததும் பழையது தெரிந்தது. எழுத்தில் பாசி பிடித்திருந்தது.

இவர் கிட்டே போய் எழுத்தை விரலால் தடவினார். “இது இங்கதான் இருந்துச்சா?”

“ஆமா.”

“தெரிஞ்சேதான் அடிச்சியா?”

“தெரிஞ்சேதான்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். சட்டையைக் கழற்றி, அதால் பாசியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். குளிரில் வெறும் உடம்போடு. எழுத்து முழுதாகத் தெரியும்வரை விடவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் முன்னால் நான் இவ்வளவு கூனிக் குறுகியதில்லை.

வரும் வழியில் என் வாசல் பலகையையும் பிடுங்கினோம். நாகப்பன் கேட்டில் இருந்ததைப் பிடுங்கப் போனபோது அவன் வெளியே வரவில்லை. அவன் நாய்தான் குரைத்தது.

நவம்பர் 8

பெரட்டுக்குப் போனேன், தேநீர்க் கெண்டி இல்லாமல்.

“அந்த இங்கிலீஷை இனிமே யாரும் சொல்லாதீங்க. மறந்துடுங்க. கேட்டா உங்களுக்குத் தோணினதைச் சொல்லுங்க.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்ப வேற என்னா சொல்லணும்?” என்றாள் மணியம்மா. ஒன்றும் சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்றேன். கங்காணி சிவசாமி முகம் சுண்டிவிட்டது. அவருக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது போல.

மதியமே பலன் தெரிந்தது. தேயிலைக்குள் நின்ற மணியம்மாவிடம் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏதோ கேட்டாள். இவள் கூடையை இறக்கி வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, “டோன்ட் நோ சார். ஆஸ்க் நோபடி சார்” என்றாள். பக்கத்து நிரையில் இருந்தவளும் அதையே சொன்னாள். அவர்களாகவே கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்! தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதம் கழித்துச் சிரிக்கிறேன்.

நவம்பர் 13

இன்று நானே எழுதினேன். தமிழில். கிராணி ஐயா இங்கிலீஷில் போட்டுத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஈப்போவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லாமலா போய்விடுவார்கள்? இங்கிலீஷில் எழுதினால் நான் மறுபடியும் நல்லவளாகிவிடுவேன்.

பழைய பலகையைத் தெரிந்தே மறைத்தேன் என்று எழுதினேன். அந்தக் கிழவியின் அறுந்த செருப்பை எழுதினேன். உங்கள் முழங்கைக்கும் நான்தான் காரணம் என்று எழுதினேன். எல்லாப் பலகையும் எடுத்தாகிவிட்டது, வந்து பார்க்கலாம். யோசனை முழுக்க என்னுடையது. நாகப்பன் வாய்தான் நீளம், காளியம்மா பொய் சொல்லணுமா என்று என்னைக் கேட்டவள். என் பேரை எடுங்கள், அவர்கள் இருவர் பேரை விடுங்கள்.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது துரையின் முகம் வந்து நின்றது. பேரில்லை என்றால் கூட்டமில்லை, கூட்டமில்லை என்றால் கொட்டகை இல்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். மாவு பிசைந்தேன். திரும்ப வந்து எழுதினேன். ஒட்டிப் போட்டாகிவிட்டது.

நவம்பர் 27

மழை. பலகை இல்லாததால் பாதிப் பேர் நேரே டவுனுக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் சாயங்காலம் மிஞ்சிய வடைகளை எண்ணுகிறேன்.

டிசம்பர் 18

புதுப் பச்சைப் புத்தகம் வந்துவிட்டது. ஐயா பிரிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

விடுதிப் பக்கத்தில் காளியம்மா நான்காவது. பூப் பக்கத்தில் நாகப்பன், பழைய இடத்திலேயே. தேநீர்ப் பக்கத்தில் பதின்மூன்று கடைகள்.

ஐயா மூன்று தடவை எண்ணினார், எண்ணினால் பதினான்கு ஆகிவிடும் என்பது போல. “பரவாயில்லை ஐயா, நான் கேட்டதுதான்” என்றேன். கேட்டதுதான். ஆனாலும் எங்கேயோ ஒரு மூலையில், என் பேரையும் விட்டுவைப்பார் என்று நினைத்திருக்கிறேன் போல. பெரிய மனசு பண்ணி எழுதிவிட்டு அதற்குக் கூலியையும் எதிர்பார்த்திருக்கிறேன். அழுதேன். ஐயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புத்தகத்தின் காட்டுப்பாதைப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி இருக்கிறதாம். பெரிய மரத்தடியில் தானா ராத்தா பலகை இப்போது தெளிவாகத் தெரிகிறது.

டிசம்பர் 31

துரை பேச்சு மாறாதவர். “சொன்னேன்ல ருக்குமணி. புக்ல பேரே இல்லையே.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒரு வாரம் தந்திருக்கிறார்.

ஜனவரி 8, 1984

கொட்டகையைப் பிரித்தோம். நாகப்பன் தகரம் ஏற்றத் தன் லாரியைக் கொண்டுவந்தான். நான் எழுதிய கடிதத்தைப் பற்றிக் கிராணி ஐயா அவனிடம் சொல்லிவிட்டிருக்கிறார். அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. “இந்த ஆணியெல்லாம் வேணுமாக்கா?” என்று மட்டும் கேட்டான். கூடை சுமந்து போன பெண்கள் நின்று பார்த்தார்கள். மணியம்மா வந்து கெண்டியைத் தூக்கி வண்டியில் வைத்தாள்.

சாமானை எங்கே இறக்குவது என்று தெரியாமல்தான் ஏற்றினோம். காளியம்மா டவுன் ரோட்டு முனையிலேயே நின்று கையைக் காட்டினாள்.

“என் வீட்டு முன்பக்கம் சும்மாதானே கெடக்கு. அங்க எறக்கு. தங்கறவங்களுக்குக் காலையில தேத்தண்ணி போட ஆளில்லாம நானே கஷ்டப்படறேன்.”

“நான் உன் பேரைக் கெடுத்தவ.”

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அடுப்ப எறக்கு, மழை வருது.”

ஜனவரி 15

விடியும் முன் எஸ்டேட்டிலிருந்து நடந்து வருகிறேன், அதே காட்டுப்பாதையில். முக்கால் மணி நேரம். இவருக்கு வேலை முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. அதற்குள் டவுனில் ஓர் அறையாவது கிடைக்குமா? கேட்டால், “பாக்கலாம்” என்கிறார். பாக்கலாமாம்!

ஜனவரி 22

காலை எட்டு மணிக்குக் காக்கித் தொப்பி வந்தது. நேற்று ராத்திரி வந்து தங்கியிருக்கிறார், காளியம்மா வேண்டுமென்றே என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் வந்திருக்க மாட்டேன், அவளுக்குத் தெரியும்.

கோப்பையை வைத்தேன். அடுப்புப் பக்கம் நகர்ந்தேன். குடித்தார், பாதி குடித்துவிட்டு நோட்டை எடுத்தார். கேட்டார், எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே, மலாயில்.

“இங்கிருந்து பூ பார்க்க எங்கே போகலாம்?”

என்னைப் போய்க் கேட்கிறார். விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். நாகப்பன் பேர் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. தகரம் ஏற்றிக் கொடுத்தவன். ஒரு வார்த்தை சொன்னால் பூப் பக்கத்தில் மேலே ஏறிவிடுவான்.

“நாகப்பன் தோட்டம் நல்லா இருக்கும் சார். ஆனா இப்ப போகச் சொல்லாதீங்க. சீனப் பெருநாளுக்குன்னு பூவெல்லாம் அறுத்து லாரியில அனுப்பிட்டான், வெறும் தண்டுதான் நிக்குது. அவ்வளவு தூரம் ஏறிப் போயிட்டுத் தண்டைப் பாத்தா யாருக்கும் கோபம் வரும். மார்ச் மாசம் போகச் சொல்லுங்க.”

எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும். மார்ச் என்பதற்குக் கீழே கோடு போட்டார். பிறகு, “மழை நாளில் எந்தப் பாதை வேண்டாம்?” என்றார். சொன்னேன். “வயதானவர்களுக்கு எது சரிப்படும்?” சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், இங்கேயே பிறந்தவளுக்குத் தெரியாததா? ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கம் திருப்பினார். மீதித் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

அவர் படியிறங்கிப் போன பிறகு கோப்பையை எடுத்துக் கழுவினேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தண்டு நிற்கிறது என்று நான் சொன்னது நாளைக்குள் நாகப்பன் காதுக்குப் போய்விடும். வந்து கத்துவான். கத்தட்டும்.